துணைக்கு வந்தவர்

"நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லிடுங்க மாப்பிள்ளை. என்னோட ஒரு இடத்துக்கு வரணும்."

மாமனார் அதற்கு மேல் பேசவில்லை. மனைவி அதுகூடப் பேசவில்லை.

பேச என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டி வரக் கிளம்பியவன்தான் அவன். ஏசி மெக்கானிக். வழியில் ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். பக்கத்து வீதிதானே, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தவன், மெஷினைப் பிரித்துப் போட்டதும் உலகத்தையே மறந்துவிட்டான். ஆறு வயதுக் குழந்தை இருட்டும்வரை வாட்ச்மேனோடு கேட்டில் நின்றிருக்கிறது.

முதல் தடவையென்றால் மன்னிக்கலாம். சாவி, பர்ஸ், ஹெல்மெட் என்று தொலைத்ததற்குக் கணக்கில்லை. எந்தக் கம்பெனியிலும் நிலைத்ததில்லை. "உங்களுக்கு அக்கறையே இல்ல" என்பாள் மனைவி. அக்கறை இருந்தும்தான் இப்படி ஆகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி, மாமனார் பின்னாலேயே ஒரு மாடிப்படி ஏறும்போதுதான் போர்டைப் பார்த்தான். மனநல மருத்துவர்.

கால் அப்படியே நின்றுவிட்டது.

"மாமா, நான் பைத்தியம்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"சத்தம் போடாதீங்க. வாங்க."

காலமெல்லாம் லாரி ஓட்டிய மனுஷர். வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும், மகளையும் பேத்தியையும் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அதுதான் திட்டம் என்று அவனுக்குத் தோன்றியது. தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"வீட்டில கூட இருக்கிறவங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தேனே?" என்றார் டாக்டரம்மா, மாமனாரைப் பார்த்து.

"இவர்தான் டாக்டர். என் மாப்பிள்ளை. பொண்ணைக் கேட்டா அப்பாவை விட்டுக்கொடுக்க மாட்டா. இவர் உள்ளதைச் சொல்வார்."

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நோயாளி மாமனாரா?

"எடுத்த வேலையை முடிப்பாரா?" என்று அவனைக் கேட்டார் டாக்டரம்மா.

அவன் மாமனாரைப் பார்த்தான்.

"தயங்காம சொல்லுங்க மாப்பிள்ளை."

"ஹால்ல பாதிச் சுவருக்குப் பெயின்ட் அடிச்சார். மீதி அப்படியே நிக்குது."

"பொருளை வெச்ச இடம் மறந்துடுவாரா?"

"இவரோட மூக்குக்கண்ணாடியைத் தேடறதே எங்க வீட்டுக் குழந்தைக்கு விளையாட்டு."

"அடுத்தவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள..."

"குறுக்க பேசிடுவேன் டாக்டர்" என்றார் மாமனார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சின்ன வயசிலயிருந்தே இப்படித்தானா?"

"ஆமா. கிளாஸுக்குள்ள இருந்ததைவிட வெளியில நின்னதுதான் அதிகம். லாரி எனக்குத் தோதா இருந்துச்சு, தினம் ஒரு ஊரு. மத்ததெல்லாம் என் சம்சாரம் பார்த்துக்கிட்டா. அவ போனப்புறம்தான் தெரிஞ்சுது, என் ஞாபகம் பூரா அவகிட்ட இருந்துச்சுன்னு."

அவன் நிமிர்ந்தான். மூன்றாம் மனிதர் முன்னால், அதுவும் மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த வயதில் ஒருவர் இப்படி மனசைத் திறக்க எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்!

"இதை ஏ.டி.எச்.டி.ன்னு சொல்வோம்" என்றார் டாக்டரம்மா. "குழந்தைங்களுக்கு மட்டும்தான்னு பலபேர் நினைக்கிறாங்க. வளர்ந்தப்புறமும் இருக்கும். மூளை கவனத்தைக் கையாளுற விதமே வேற. சோம்பேறித்தனம் இல்ல, அக்கறை இல்லாம நடக்கிறதும் இல்ல. இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் உறுதியா சொல்வேன். ஆனா மாத்திரை இருக்கு, பழகிக்க வேண்டிய வழிகளும் இருக்கு. நிறையவே மாறும்."

"நிஜமாவே, அக்கறை இல்லாததால இல்லையா டாக்டர்?"

கேட்டது மாமனார் இல்லை. அவன்தான்.

"இல்ல" என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

வெளியே வந்ததும், "நான் கீழ போய்த் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று மாமனார் படியிறங்கிவிட்டார்.

அவன் கூடத்திலேயே நின்றான். உள்ளே மாமனாரைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு பதிலும் தன்னைப் பற்றியதுதான். பெரிய மனுஷர் அவரே வெட்கப்படவில்லை. எனக்கென்ன?

டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் போனான்.

"அக்கா, நானும் டாக்டரைப் பார்க்கணும். எனக்காகத்தான். என்னைக்கு வரலாம்?"

அந்தப் பெண் புன்னகைத்தார்.

"இப்பவே உள்ளே போங்க தம்பி. உங்க மாமா நேத்து ராத்திரியே போன் பண்ணி இன்னொரு டோக்கன் போட்டுட்டார். 'என் மாப்பிள்ளை தானா வந்து கேட்டா மட்டும் சொல்லுங்க, கேக்கலைன்னா அவருக்குத் தெரியவே வேண்டாம்'னார்."