முப்பதுக்கு இரண்டு குறைச்சல்

“இருபத்தெட்டு. முப்பதுக்கு ரெண்டு குறையுது. ஃபெயில்!”

தலைவர் தொகாஷி இப்படி அறிவித்ததும் ஒனோதெரா தலையைக் குனிந்துகொண்டான். நாற்பத்து நான்கு வயதில் ஃபெயில் என்று கேட்க யாருக்குத்தான் பிடிக்கும்?

தேறாதது அவனுடைய பழைய காரின் ரேடியேட்டரிலிருந்து எடுத்த ஒரு சொட்டு கூலன்ட், அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம். அது மைனஸ் இருபத்தெட்டு வரைதான் உறையாமல் தாங்கும் என்றது தலைவர் கண்ணில் வைத்துப் பார்த்த கருவி. மைனஸ் முப்பது தாங்கினால்தான் பழங்கார் சங்கத்தின் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இருந்தால்தான் குளிர்காலம் முழுக்கக் கிடங்கில் இடம்.

ஜப்பானின் வடக்கே அசாஹிகாவா நகருக்கு வெளியே, ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு அடுக்கிய கிடங்கு அது. மொத்தம் ஒன்பது இடம், எட்டு போய்விட்டது. மாலை நாலு மணிக்குள் தேறாவிட்டால் ஒன்பதாவது இடம், வரிசையில் காத்திருக்கும் பல் டாக்டருக்கு. நாளை முதல் பனி. ஒனோதெராவின் குடியிருப்பில் குளிர்காலத்தில் எடுக்காத வண்டியை நிறுத்த விடமாட்டார்கள், பனி வாரும் இயந்திரத்துக்கு இடைஞ்சலாம். இங்கே இடம் இல்லையென்றால் வண்டியை விற்க வேண்டியதுதான்.

“ரெண்டு டிகிரிதானே தலைவரே?”

“ரெண்டு டிகிரிதானேன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. வசந்தத்துல எஞ்சின் வெடிச்சுக் கிடக்கும்போது வாயே திறக்க மாட்டாங்க!”

தொகாஷி நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ‘ராத்திரி குழாய்த் தண்ணியை இறக்கி விடுங்க’ என்று நவம்பர் தோறும் ஊருக்கே உத்தரவு போட்டவர். உலகத்தில் உள்ளதெல்லாம் குழாய், குழாய் எல்லாம் உறையும், உறைந்ததெல்லாம் வெடிக்கும் என்பது அவர் கட்சி.

ஒனோதெரா கடைக்கு ஓடினான். பாதி கூலன்டை இறக்கி, கெட்டியானதை ஊற்றி, எஞ்சினை அரை மணி ஓடவிட்டுத் திரும்பினான். மைனஸ் முப்பத்து மூன்று!

“அளவு சரி. ஆனா நிறம் சிவப்பு. நம்ம சங்கத்துக்குப் பச்சை.”

“உறையறதுக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கே, அதுக்குச் சம்பந்தம் இருக்கு.”

மறுபடி ஓட்டம். மொத்தத்தையும் இறக்கி, மூன்று தடவை அலசி, பச்சையை ஊற்றியதில் விரல்கள் மரத்துப்போயின. மதியச் சாப்பாடும் போயிற்று. இந்த முறை மைனஸ் முப்பத்தைந்து, பச்சைப்பசேல் என்று.

தலைவர் கருவியை இறக்கவே இல்லை. “எந்தத் தண்ணியில கலந்தீங்க?”

“காய்ச்சி வடிச்ச தண்ணி. கடையில வாங்கினேன்.”

சங்கத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏன்?” என்றார் தொகாஷி. “எங்க நகராட்சித் தண்ணிக்கு என்ன குறைச்சல்?”

ஒனோதெராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப உங்க வண்டி எத்தனைன்னு காட்டுங்க தலைவரே. பார்த்துக் கத்துக்கிறேன்.”

“பேஷா!”

வாசலில் முட்டை மாதிரி உருண்டையாக நின்றது தலைவரின் குட்டிக் கார். வரும்போது தையல் மெஷின் போலத் தடதடத்துக்கொண்டு வந்த வண்டி. எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டி என்பதால் சாமான் வைக்க முன்பக்கம். அதன் முன்மூடி திறந்திருக்க, சுமியே என்ற பெயருடைய தலைவரின் மனைவி உள்ளேயிருந்து ஊறுகாய்க்கு வாங்கிய முள்ளங்கிகளை இறக்கிக்கொண்டிருந்தார். சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அதாவது, ஸ்டிக்கர் கட்டு அவர் ஏப்ரன் பையில் இருக்கும்.

முள்ளங்கிகளுக்குப் பக்கத்திலிருந்த சின்ன பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து தொகாஷி ஒரு சொட்டு எடுத்து, கருவியை ஒனோதெராவின் கண்ணில் வைத்தார். மைனஸ் நாற்பது!

“பதினொரு வருஷமா என் கையாலயே ஊத்துறேன். அப்பப்போ கொஞ்சம் குறையும். உயிர் இருக்கிற எஞ்சின், குடிக்கத்தானே செய்யும்?”

மற்ற ஏழு பேரும் கை தட்டினார்கள். மணி நாலாகப் பத்து நிமிஷம். வாசலில் பல் டாக்டரின் கார் வந்து நின்றது.

ஒனோதெரா சாவியை எடுத்துக்கொண்டு தன் வண்டியை நோக்கி நடந்தான். எதிரே ‘சரக்’ என்று ஏதோ உரியும் சத்தம். நிமிர்ந்து பார்த்தான். அவன் கார்க் கண்ணாடியில் சுமியே ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“உள்ள கொண்டுபோய் நிறுத்துங்க தம்பி. குளிருது.”

தொகாஷி பாய்ந்து வந்தார். “சுமியே! யாரைக் கேட்டு ஒட்டினே? இது சோதனையில தேறாத வண்டி!”

“உங்க வண்டிக்கும் பதினொரு வருஷமா நான்தானே ஒட்டுறேன்?”

“என் வண்டி மைனஸ் நாப்பது!”

“அது கண்ணாடி கழுவுற தொட்டிங்க.”

சங்கத்து ஆட்கள் ஏழு பேரும் குனிந்து தங்கள் பூட்ஸையே பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

சுமியே கடைசி முள்ளங்கியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு முன்மூடியைச் சாத்தினார்.

“எங்க அப்பா ஓட்டின வண்டிங்க இது. காத்துலயே ஆறுற எஞ்சின். இதுக்கு ரேடியேட்டரே கிடையாது.”