டீ பிளாஸ்க்

அன்றைக்கென்று பார்த்துத் திரவ நைட்ரஜன் வைக்கும் பாத்திரம் பழுதாகிப்போக, வேறெதில் பிடிப்பதென்று ஆய்வகம் முழுக்கத் துழாவினார் பேராசிரியர் கோமதிநாயகம். பிளாஸ்டிக் வாளி அந்தக் குளிருக்கு நொறுங்கிவிடும். கண்ணாடிக் குடுவையை நம்ப முடியாது. கடைசியில் கண்ணில் பட்டது, எல்லோருக்கும் டீ வாங்கிவரும் எவர்சில்வர் பிளாஸ்க். பாதியளவு பிடித்தார். ஆவி வெளியே போக வழி வேண்டுமே என்று மூடியைக் கழற்றிப் பக்கத்திலேயே வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். இதை இறுக்கி மூடினால் வெடிகுண்டுதான் என்று வருஷா வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

போன இடத்தில் ஒரு போன். கால்மணி நேரம் கழித்துத் திரும்பியபோது மேசையில் மூடியும் இல்லை, பிளாஸ்க்கும் இல்லை. கூட்டிப் பெருக்கும் சந்தனமேரி அதை இடுப்போடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

“ஆவி பறக்கத் தொறந்து கெடந்துச்சு சார். டீ ஆறிப்போயிருமேன்னு நாந்தான் நல்லா இறுக்கி மூடி வச்சேன்.”

அவர் கீழே வை என்று கத்தத்தான் நினைத்தார். வாய் திறந்ததே ஒழியச் சத்தம் வரவில்லை. திறந்த வாயைப் பார்த்து, சாருக்கு நாக்கு வறண்டுவிட்டது போல என்று அவள் அவசரமாக ஒரு டம்ளரை எடுத்து வைத்தாள். மூடியைத் திருகினாள். அது அசைந்து கொடுக்கவில்லை.

“உள்ள என்னமோ முனகுதே சார்” என்று சிரித்துக்கொண்டே பிளாஸ்க்கைத் தூக்கிக் காதோடு வைத்துக்கொண்டாள்.