முதல் சுற்றுக்கான டயர்

டயர் கடைக்கார வெர்ன் இரண்டு டயர்களைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தான்.

"ரெண்டுல ஒண்ணைக் கை காட்டு, மார்ஜீன். பள்ளிக்கூடத்துலயே பேனா வாங்க ஒரு மணி நேரம் ஆக்குவ நீ."

மார்ஜீன் பதிலுக்கு வம்பு பேசவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு மனசு சரியில்லை.

டயர் அவள் வீட்டு நீல ஸ்போர்ட்ஸ் காருக்கு. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு காய்கறிப் பை வந்தால்கூட மடியில்தான் வைக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு அவளும் கணவன் லோரனும் எட்டுக் கோடைகளாகப் போட்டிக்குப் போகிறார்கள்.

லிங்கன் நகருக்கு வெளியே, விமானம் இறங்காத பழைய ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டி. ஆரஞ்சு நிறக் கூம்புகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து, ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் ஓடும். கடிகாரம்தான் எதிரி. மொத்தமே ஒரு நிமிடக் கூத்து.

ஒரே காரை இரண்டு பேர் ஓட்டலாம். மார்ஜீன் ஒரு சுற்று முடித்து இறங்குவாள், லோரன் உடனே ஏறுவான். பிறகு வரிசையில் அரை மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் அவள், மறுபடியும் அவன்.

எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் லோரனை ஜெயித்ததில்லை. அரை விநாடி, சில நாள் கால் விநாடி, அவ்வளவுதான் வித்தியாசம். ஜெயித்துவிட்டு அவன் பீற்றிக்கொள்ளவும் மாட்டான். பேசாமல் போய் அவளுக்கு ஒரு ஹாட் டாக் வாங்கி வருவான். அதுதான் இன்னும் எரிச்சல்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இருபத்திரண்டு வருஷமாக, பனி உறைந்த சாலையில், பின்னால் நாற்பது வானரங்கள் கத்திக்கொண்டிருக்க, ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவள். அப்பேர்ப்பட்டவளுக்கு இந்தப் பொம்மைக் கார் மட்டும் ஏன் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது?

போன ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிவிட்டாள்.

"இனிமே நீயே ஓட்டிக்கோ. எனக்கு வரலை, விட்டுடு. நான் விழுந்த கூம்பை நிமிர்த்தி வைக்கிறேன்."

லோரன் சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டியைச் சில்லி என்கிற காரமான பீன்ஸ் குழம்பில் தோய்த்துத் தின்று முடித்தான். பிறகு, "சரி, புது டயராவது நீயே பார்த்து வாங்கிட்டு வா" என்றான்.

அதற்குத்தான் வந்திருக்கிறாள்.

"எப்பவும் போடுற டயரே குடு, வெர்ன். லோரனுக்கு அதான் ராசி."

"ராசியாவது ஒண்ணாவது!" வெர்ன் டயரைத் தட்டினான். "இது சூடேறினாத்தான் தரையைப் பிடிக்கும். முதல்ல ஓட்டுற ஆளுக்குச் சும்மா சறுக்கும். அவங்க சூடேத்திக் குடுத்தா, அடுத்து ஏறுற ஆளுக்கு யோகம். இந்த இன்னொண்ணு நேர்மாறு. கிளம்பின உடனே ஒட்டிக்கும். ரெண்டாவது ஆள் ஏறும்போது ரொம்பச் சூடாகி வழுக்கும்."

மார்ஜீன் அந்த டயரைப் பார்த்தாள். பிறகு வெர்னைப் பார்த்தாள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் லோரன் கார்க் கதவைத் திறந்துவிட்டு, லேசாகக் குனிந்து, "முதல்ல பெண்கள்" என்பான். கூடியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். இப்படியும் ஒரு புருஷன் வாய்ப்பானா என்று அவள் தங்கை பெருமூச்சே விட்டிருக்கிறாள். எட்டு வருஷமாக ஆறிப்போன டயரில் இவள். சுடச்சுட டயரில் அவன்.

"அடப்பாவி!"

கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெர்ன் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியை அக்கறையாகப் படித்தான்.

முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் பின்னாலேயே ஒரு சந்தோஷம் வந்து கோபத்தைத் தள்ளிவிட்டது. தனக்கு ஓட்டத் தெரியும்! ஆறின டயரிலேயே வெறும் அரை விநாடிதான் பின்தங்கியிருக்கிறாள்! அந்தச் சறுக்குகிற டயரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

"அந்த இன்னொண்ணு. அதுல நாலு குடு. லோரன்கிட்ட மூச்சு விட்ட, உன்னைத் தொலைச்சுடுவேன்."

வெர்ன் எதையும் எழுதவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனான்.

அங்கே நான்கு டயர்கள் தயாராக அடுக்கியிருந்தன. அவள் கேட்ட அதே டயர்தான். மேலே ஒட்டியிருந்த சீட்டில் அவள் பெயர்.

"செவ்வாய்க்கிழமை லோரன் வந்தான். முதல்ல ஓட்டுறவளுக்கு எது நல்லதோ அதை எடுத்து வைன்னான். விஷயத்தையும் நீயே சொல்லிடு வெர்ன், எனக்கு வாய் வரலைன்னான். முகம் தக்காளியாச் சிவந்துபோச்சு, பாவம்."

மார்ஜீனுக்குக் கண் கலங்கியது. தான் காரை விட்டு இறங்கக் கூடாது என்பதற்காக அந்த மனுஷன் எட்டு வருஷ வெற்றியைத் தூக்கிப் போட்டிருக்கிறான். கல்யாணத்தன்றுகூட அவன்மேல் இவ்வளவு ஆசை வந்ததில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்தபோதுதான் டயர்களுக்குப் பின்னால் புத்தம் புதிதாக நின்ற பச்சை நிறக் கேனைப் பார்த்தாள். தோட்டத்துக்கு மருந்து தெளிக்கிற கேன். கைப்பிடியில் லோரனின் பெயர்.

"இது எதுக்கு?"

வெர்ன் தயங்கினான். "கொதிக்கிற டயர்மேல தண்ணி தெளிச்சா சூடு ஆறி, வழுக்காது. நீ ஓட்டி முடிச்சு இறங்கினதும், தான் ஏறுறதுக்கு முன்னாடி தெளிச்சுக்கப் போறானாம்."

மார்ஜீன் சிரித்த சிரிப்பில் கடைக்காரப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேனைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"வெர்ன், உன்கிட்ட ட்ரில் இருக்கா?"