காதில் வைத்த பஞ்சு

"இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள அந்த 'ஊம்' போயாவணும்ணே. இல்லேன்னா நான் போயிடணும்!"

சொன்னவன் சிட்டிபாபு. பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டுச்சேலை மடிப்பவன். சாயந்திரமானால் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். சைக்கிள் கேரியரில் கட்டி அவன் தள்ளிக்கொண்டு வந்த ஆம்ப்ளிஃபையர், பூவராகவனின் ரேடியோ ரிப்பேர் கடை மேசையில் வயிறு திறந்து கிடந்தது.

"எங்கடா போவே?" என்றார் பூவராகவன்.

"ரூமைக் காலி பண்ணிக்கினுதான். பக்கத்து வூட்டு மணியம்மா தெனமும் வாசல்ல நின்னு என்னைத் திட்டுது. நேத்து வூட்டுக்காரரே வந்துட்டாரு. 'இன்னொரு தபா அந்தம்மா கத்துச்சு, உன் பெட்டி தெருவுல கெடக்கும்'னுட்டாரு. பிள்ளையார்பாளையத்துல கிட்டார் வச்சிருக்கிறவனுக்கு வேற எவன்ணே ரூம் குடுப்பான்?"

அது நியாயம்தான். இந்த ரூமுக்கே அவன் தெருத்தெருவாக அலைந்தது அவருக்குத் தெரியும்.

மணியம்மாளையும் தெரியும். அவளைத் தெரியாதவர் அங்கே யார்? அவள் வாயைத் திறந்தால் நாலு வீட்டுத் தறி நின்றுவிடும். கொஞ்ச நாளாக அந்த அம்மாள் சாயந்திரமானால் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வளைய வருவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. சிட்டிபாபுவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தப் பஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு மானம் போயிற்று.

"மெதுவா வாசிக்கிறதுதானேடா?"

"கிட்டாரைத் தொடவே வேணாம்ணே. சுவிச்சைப் போட்டாலே 'ஊம்'னு ஆரம்பிச்சுடுது. செவுத்துக்கு அந்தாண்ட அவங்க வூட்டுப் பாத்திரம் ஆடுதாம்."

பூவராகவன் உள்ளே தட்டிப் பார்த்து, தடியான உருளை ஒன்றைச் சுட்டிக் காட்டினார்.

"பவர் சப்ளை கண்டென்சர் காஞ்சு போச்சுப்பா. கரண்டை வடிகட்டிக் குடுக்கிற சாமான் இது. இது செத்துட்டா, வடிகட்டாத கரண்டு 'ஊம்'னு ஸ்பீக்கர்ல வந்துடும்."

உள்ளே தங்கியிருந்த மிச்சக் கரண்டை ஒரு பல்பை வைத்து இறக்கினார். பழையதைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார். சுவிச்சைப் போட்டார். சத்தமே இல்லை. சிட்டிபாபு கிட்டார் கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். 'தும்' என்று சுத்தமாக விழுந்தது. அவன் பூவராகவனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"டேய் சிட்டிபாபு! மிஷினை இங்க தூக்கியாந்துட்டியா?"

வாசலில் மணியம்மாள், இடுப்பில் ஒரு பெரிய பையோடு நின்றாள். சிட்டிபாபு முந்திக்கொண்டான்.

"யம்மா, சத்தம் போயிடுச்சும்மா! நீங்களே கேளுங்க."

அவள் ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டுபோனாள். "ஒண்ணும் கேக்கலியே."

"இனிமே கேக்கவே கேக்காது. கிட்டாரும் மெதுவாத்தான் வாசிப்பேன். வூட்டுக்காரர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை நல்லதா சொல்லுங்கம்மா."

மணியம்மாளின் முகம் விழுந்துவிட்டது. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். அடிப்பாவி, இவளுக்குச் சத்தம் போனால் போதாது, நானே போகவேண்டும் போலிருக்கிறதே என்று சிட்டிபாபு மனசுக்குள் குமுறினான்.

"கழட்டின சாமான் எங்க?" என்றாள் அவள்.

பூவராகவன் கூடையைக் காட்டினார். அவள் குனிந்து கண்டென்சரைப் பொறுக்கி முந்தானையால் துடைத்தாள். பிறகு பையைத் திறந்து ஒரு ரேடியோவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இவன் மிஷினைத் தள்ளிக்கினு போறதைப் பாத்துத்தான் இந்த ரேடியோவைத் தூக்கியாந்தேன். இத்த இதுக்குள்ள மாட்டிக் குடுப்பா."

பூவராகவன் ரேடியோவைப் போட்டுப் பார்த்தார். கணீரென்று பாடியது. "நல்லாத்தானே இருக்குது! செத்த கண்டென்சரைப் போட்டா பாட்டு கேக்காது, 'ஊம்'னுதான் கேக்கும்."

"அந்த 'ஊம்'தான் வேணும். பாட்டு போட்டா வூடே சுத்தி வந்து உக்காந்துக்குது. அந்த எழவு சத்தத்துக்குத்தான் எம் புருசனும் சின்னதுங்களும் தெருவுக்கு ஓடிடறாங்க."

"ஓடினா என்னம்மா?"

தெருவையே நடுங்கவைத்த குரல் முதல்முறையாகத் தணிந்தது.

"இருக்கிறது ஒரே கூடம். அதுல பாதி தறி. எங்க பெரிய பையன் வேணுவுக்குக் கல்யாணமாயி மூணு மாசம் ஆவுது. தாமல் கிராமத்துல ஏரியும் வயலுமா வளந்த பொண்ணு, இத்தனை பேருக்கு நடுவுல வாயே தெறக்காம கெடந்துச்சு. அம்மா வூட்டுக்கே போயிடுமோன்னு பயந்துக்கினு இருந்தேன். இவன் மிஷின் கத்த ஆரம்பிச்சப்புறம்தான் ரெண்டும் தனியா உக்காந்து பேசுதுங்க. முந்தாநேத்து அந்தப் பொண்ணு சிரிச்சுதுப்பா!"

சிட்டிபாபு வாயைப் பிளந்தான். "அப்புறம் ஏம்மா என்னை அந்தத் திட்டு திட்டுனீங்க?"

"திட்டலேன்னா, நான் வேணும்னே வுட்டுக் குடுக்கிறேன்னு அதுங்களுக்குச் சந்தேகம் வந்துடாதா? வூட்டுக்காரரை நான் பாத்துக்கிறேன், நீ எங்கயும் போவாத."

பூவராகவன் ரேடியோவின் பின்மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்போ அந்தப் பஞ்சு?"

"எல்லாரும் ஓடிடறாங்க; அடுப்பை விட்டுட்டு நான் எங்கப்பா ஓடுறது?" மணியம்மாள் வெட்கத்தோடு முந்தானையை இழுத்துக்கொண்டாள். "என் காதுதான் பாழாப்போனது, அதுங்க பேசுறது எத்தனை சத்தத்துலயும் நல்லாக் கேக்குதே!"