கூலி உயர்வு வேண்டாம்

“வேண்டாம், வேண்டாம், கூலி உயர்வு வேண்டாம்!”

மைக்கைப் பிடித்துக்கொண்டு வெண்கலம் கொடுத்த குரலில் சட்டசபைக் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. பின்னால் நின்ற தையல்கூடத்துப் பெண்கள் ஆளுக்கொரு அட்டையைத் தூக்கிக்கொண்டு, ‘வேண்டாம், வேண்டாம்’ என்று பதில் கொடுத்தார்கள். வெண்கலம் என்பது அவள் பெயரல்ல, குரலுக்குக் கிடைத்த பட்டம். தையல் மிஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போதும் அவள் கூப்பிட்டால் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

எந்த ஊரிலாவது தொழிலாளி தனக்குக் கூலி உயர்வு வேண்டாமென்று கோஷம் போடுவாளா? போடுவாள், முதலாளியே வேனில் ஏற்றிவந்து இறக்கிவிட்டால்.

குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் மசோதா அன்று மதியம் ஓட்டெடுப்புக்கு வர இருந்தது. தொழிலாளர்களே வேண்டாமென்றால் மசோதாவைத் தள்ளிவைத்துவிடலாம் என்று அமைச்சர் முதல் நாள் வாயை விட்டிருந்தார். முதலாளிகள் சங்கத்தின் தலைவர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெண்கலத்தின் முதலாளியும் அவர்தான். தையல்கூடத்தைப் பூட்டிவிட்டு அத்தனை பெண்களையும் கூட்டிவந்துவிட்டார். கோஷம் போட்டால் அன்றைய கூலி உண்டு, போடாதவளுக்கு நாளையிலிருந்து வேலையே இல்லை.

முன்னால் நின்று குரல் கொடுக்க யார் தயார் என்று அவர் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வெண்கலம்தான் தானாக முன்வந்தாள். அதோடு விட்டாளா? ஒரே ஒரு ஒலிபெருக்கி எந்த மூலைக்கு, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்க வேண்டாமா, தெருமுனை வரைக்கும் கட்டச் சொல்லுங்கள் என்று யோசனை வேறு சொன்னாள். முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட விசுவாசியை இத்தனை காலம் பொத்தான் தைக்க விட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டார்.

எதிர்ச்சாரியில் மசோதாவுக்கு ஆதரவாக ஒரு சின்னக் கூட்டம் நின்றது. அதில் வெண்கலத்தின் தங்கையும் இருந்தாள். அவளும் அதே கூடத்தில் தைத்தவள்தான். வேனில் ஏற மாட்டேன் என்று சொன்னதற்காகக் காலையில் வெளியே தள்ளிவிட்டார்கள். பகலில் தையல், சாயங்காலம் நாலு வீட்டில் பாத்திரம் என்று மாடாய் உழைத்தும், அக்காவும் தங்கையும் பிள்ளைகளோடு ஒற்றை அறையில்தான் முடங்கிக்கிடந்தார்கள். இந்த மசோதா வந்தால்தான் கொஞ்சம் மூச்சுவிடலாம். அதுவும் அக்கா வாயாலேயே போகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

பொறுக்கமாட்டாமல் தெருவைத் தாண்டி வந்தாள்.

“கோடரிக்காம்பு. நம்ம பிள்ளைங்க வயித்துலதானேக்கா அடிக்கிற?”

வெண்கலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் உரக்கக் கத்தினாள். தங்கை அழுதுகொண்டே திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றாள். பார்த்த எவருக்கும் வெண்கலத்துக்கு இரண்டு வைக்கலாமா என்றிருந்திருக்கும்.

முதலாளி அதற்குள் நிருபர்களைப் பிடித்துக்கொண்டார். கூலி ஒரு காசு கூடினாலும் கட்டுப்படியாகாது, அப்புறம் கூடத்துக்குப் பூட்டுதான், இந்தப் பாவப்பட்ட பெண்கள் தெருவில்தான் நிற்பார்கள் என்றார். சொல்லும்போது தொண்டைகூடத் தழுதழுத்தது. மனிதர் நடிக்கப் போயிருந்தாலும் பிழைத்திருப்பார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. அமைச்சர் படியில் வந்து நின்றார். கேமராக்கள் அவரையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தன. இதுதான் நேரம் என்று முதலாளி கையை ஆட்டினார்.

வெண்கலம் வாயை மூடிக்கொண்டாள். வேனிலேயே பேசிவைத்தது போல அட்டைகள் எல்லாம் ஒன்றாக இறங்கின. பெண்கள் நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

முதலாளி வேட்டி தடுக்கி விழாத குறையாக ஓடிவந்து, என்ன ஆச்சு, ஏன் நிறுத்தினீர்கள் என்று பல்லைக் கடித்தார்.

வெண்கலம் மைக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள். அவளுக்கு அப்படியும் பேச வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

“வெயில்ல நின்னு கத்துறதும் வேலைதானே முதலாளி?”

“வேலைதான். யாரு இல்லேன்னா? கத்து முதல்ல.”

“அப்ப மசோதாவுல சொன்ன கூலியக் குடுங்க, கத்துறோம். இல்லேன்னா எங்க எல்லாரையும் வேலையை விட்டு எடுத்துடுங்க. இனிமே பயப்படறதா இல்ல.”

உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திகூடத் தலையைக் குனியவில்லை. அத்தனை கண்களும் அவரையே பார்த்தன.

முதலாளியின் கண்ணோ படியை விட்டு நகரவில்லை. அங்கே அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார், உள்ளே போகத் திரும்பினார். இன்னும் ஒரு நிமிடம் போனால் குடி முழுகிவிடும். அந்த அவசரத்தில், வெண்கலம் மைக் பிடித்த கையை மெல்ல உயர்த்தியதை அவர் எங்கே கவனித்தார்?

தெருமுனை வரை கட்டியிருந்த அத்தனை ஒலிபெருக்கியிலும் முதலாளியின் குரல் கணீரென்று கேட்டது.

“சரி, மசோதாவுல சொன்ன கூலியே தர்றேன், வேண்டாம்னு கத்தித் தொலைங்க.”