பேசினில் சுற்றும் எலி

அடையாறு ஆய்வுக்கூடத்தின் சன்னல் வழியே இறங்கும் மூன்று மணி வெயில் எவர்சில்வர் பேசினில் பட்டுக் கண்ணைப் பறிக்கிறது. ஜொவிட்டா தன் வீட்டிலிருந்து தூக்கிவந்த பேசின் அது. விளிம்பில் அப்பாவின் பெயர், லியோனார்ட், புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. உள்ளே, மூளையின் ஒரு பக்கம் மட்டும், உடம்பை அசைக்கவைக்கும் டோபமின் வற்றிப்போன வெள்ளை எலி மாவு உருண்டைபோல் அசையாமல் கிடக்கிறது. அப்பாவின் கையை நடுங்கவைப்பதும் அதே வறட்சிதான். மாத்திரையைக் கூட்டினாலோ உடம்பே முறுக்கிக்கொள்கிறது. மூளைச் செல்லில் டோபமினை வாங்கும் ஏற்பியை, ஒட்டி உட்கார்ந்திருக்கும் இன்னோர் ஏற்பி காலை வாரிவிடுகிறது, அதன் வாயை அடைத்துவிட்டால் துளி மருந்தே போதும் என்பது ஜொவிட்டாவின் கட்சி. ஐந்து மாதமாக எந்த எலியும் அவள் கட்சியில் சேரவில்லை. இன்று துளி மருந்தோடு வாயடைக்கும் மருந்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். பலித்தால் எலி ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும்; அவள் சுற்றுகளை எண்ணிக் குறிக்க வேண்டும். மின்விசிறி கடகடக்கிறது. எலியின் மீசை துடிக்கிறது. முன்னங்கால் ஒன்று எழுந்து, டிக்கென்று எவர்சில்வரில் படுகிறது. பிறகு மற்றொன்று. நகங்கள் டிக் டிக்கென்று தாளம் போட, எலி அப்பாவின் பெயரைக் கடந்து, வளைந்து வந்து, மறுபடி கடக்கிறது. ஐந்து மாதமாகத் தூக்கியே இருந்த ஜொவிட்டாவின் தோள்கள் இறங்குகின்றன. மூக்குக்கண்ணாடி நனைந்து எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது.

“இன்னா மேடம், எண்ணாம உக்காந்துக்கினு கீறீங்க?” என்கிறார் அட்டெண்டர் தணிகாசலம்.

அவள் கையில் பேனா மூடிகூடத் திறக்காமல் இருக்கிறது. “ஐயோ, மறந்தே போயிட்டேன்!”

அவர் பேசினிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொரு விரலை மடக்குகிறார். “நான் எண்ணிக்கினுதான் கீறேன். பதினேழு. தோ, பதினெட்டு.”