லிஸ்ட்ல முதல் பொருள்

“ஃபிரிட்ஜா? தரையில படுத்துக்கிட்டு ஜில்லுன்னு தண்ணி குடிக்கப் போறியாக்கும்!” மனு அக்கா சிரிச்சுட்டா.

இல்லாதப்பட்ட குடும்பங்களுக்கு அவசர உதவி கேட்டு நிவாரணக் கமிட்டிக்கு மனு எழுதிக் குடுக்கறதுதான் அவ வேலை. பேரே அதனால வந்ததுதான். பதினோரு வருஷத்துல அவ எழுதின ஒரு மனுகூடத் திரும்பி வந்ததில்ல. அதுல கொஞ்சம் கர்வமும் உண்டு.

எதிர்ல உக்காந்திருந்த அம்மாக்காரி மடியில ஒரு சின்னத் தெர்மாகோல் பெட்டி. மூடி இடுக்குல தண்ணி கசிஞ்சு மடியெல்லாம் ஈரம்.

“என்னது, ஐஸா?”

“ஆமாக்கா. மீன்கடையில தினம் வாங்கறது.”

“அடிக்கிற வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும். தள்ளி வைம்மா, மனு நனையுது. இப்ப கட்டில்தான் முதல்ல போடணும், புரியுதா?”

மூலைக் குழாயில நாலாவது தடவையா தண்ணி குடிச்சுட்டு ஓடி வந்தா அவ பொண்ணு. ஏழு வயசு, ஈர்க்குச்சி மாதிரி உடம்பு.

“பெரியம்மா, கட்டில் வந்தா அதுல குதிக்கலாமா?”

“குதி ராசாத்தி. உடைஞ்சா மட்டும் என்கிட்ட வராத.”

அம்மாக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னா. “இல்லக்கா, ஃபிரிட்ஜ்தான் முதல்ல வேணும். பாப்பாவுக்கு அது...”

“பால் வைக்க. அதானே? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. லிஸ்ட்ல முதல்ல இருக்கறதைத்தான் உடனே தருவாங்க, மிச்சமெல்லாம் அடுத்த சுத்துதான். பிள்ளை தரையில படுக்குதுன்னா கமிட்டிக்காரங்க மனசு இளகும். ஃபிரிட்ஜுன்னா சொகுசு கேக்குதுன்னு மூலையில போட்டுருவாங்க.”

அம்மாக்காரி மறுபடி வாயெடுத்தா. “சீக்கிரம் ஆகட்டும்மா, நாங்க நிக்க வேணாமா?”ன்னு வரிசையில ஒருத்தர் கத்தினார். அவ வாயை மூடிக்கிட்டா.

மனு அக்கா எழுதினா. ஒண்ணு, கட்டில். ரெண்டு, ஃபிரிட்ஜ்.

இருபதாம் நாளே கட்டில் கிடைச்சுடுச்சு. மனு அக்காவுக்குத் தலைகால் புரியல. சாமான் வண்டியிலேயே ஏறி வந்துட்டா. ஆளுங்களோட சேர்ந்து அவளே ஸ்க்ரூ முடுக்கி, மெத்தையைத் தட்டிப் போட்டு, விரிப்பையும் விரிச்சா.

“எப்படி, நான் சொன்னேன்ல? கமிட்டியே கண்கலங்கிடுச்சாம்! எங்க நம்ம வாலு? வந்து குதிக்கச் சொல்லு!”

அம்மாக்காரி சுவரோரமாவே நின்னா. ஜன்னல்ல அந்தத் தெர்மாகோல் பெட்டி காஞ்சு போய்க் கவுந்து கிடந்தது.

“மீன்கடை அஞ்சு நாள் பூட்டிட்டாங்கக்கா. பாப்பாவோட சர்க்கரை ஊசி மருந்து சூட்டுல கெட்டுப்போனது எனக்குத் தெரியல. அதையேதான் போட்டுக்கிட்டு இருந்தேன்.”

விரிப்பை இழுத்துக்கிட்டிருந்த மனு அக்காவோட கை அப்படியே நின்னுடுச்சு.

அம்மாக்காரி கிட்ட வந்து, மிச்சமிருந்த சுருக்கத்தை மெதுவா நீவிவிட்டா.

“கட்டில் நல்லாருக்குக்கா. படுக்கத்தான் ஆளில்ல.”